கோடியக்கரைக்கு ஒரே நாளில் போய்வருவது: தை, மாசியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "தஞ்சாவூரிலிருந்து ஜனவரியில் காரில் கிளம்பி, கோடியக்கரையில் பறவைகள் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா? எந்த வாரம் நல்லது? பூநாரை கட்டாயம் தெரியுமா? பத்து வயது மகளும், அதிகம் நடக்க முடியாத அப்பாவும் கூட வருகிறார்கள்."

தாராளமாக முடியும். ஆனால் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். சாவகாசமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து, பத்தரைக்கு வந்து இறங்கும் குடும்பங்கள், "ஒன்றுமே காணோம், வெறும் சேறுதான் கிடக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவதை ஒவ்வொரு பருவத்திலும் கேட்கிறேன். பறவைகள் அங்கேதான் இருந்திருக்கும். வெயில் ஏறியதும் அந்த வெட்டவெளியில் கானல் எழும்பி, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவைகூட ஆடும் புள்ளியாகிவிடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலர் கையில் இருந்தாலும் கானலை வெல்ல முடியாது.

முதலில் எந்த வாரம் என்பதைப் பார்ப்போம். இதற்குத் தேதியைவிடத் தண்ணீர்தான் பதில் சொல்லும். வேதாரண்யத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் கிடக்கும் பெரிய சதுப்பு, கோடையில் காய்ந்து வெடித்த தரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் அது நிரம்பி ஒரே ஏரி மாதிரி ஆகிவிடும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பர் கடைசியில் போனால் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும், சின்னப் பறவைகள் மட்டும் இருக்காது. கொசு உள்ளான் என்கிற குட்டிச் சேற்றுப் பறவையின் கால் ஒரு விரல் நீளம்கூட இல்லை. முழங்காலளவு தண்ணீரில் அதற்கு வேலையே கிடையாது. மழை நின்று, ஜனவரியில் தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பிக்கும்போதுதான் ஓரங்களில் ஈரச் சேறு வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில்தான் புழுக்களும், ஈ வகைகளின் இளம்புழுக்களும், நுண்ணிய நத்தைகளும் இருக்கின்றன. சேறு வெளிப்பட்ட இடத்துக்குப் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும்.

ஆகவே பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை நடுவிலிருந்து மாசி முடிவதற்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி முதல் பாதிதான் என் விருப்பம். அந்த நேரத்தில் கால் நீண்டவை நிற்க ஆழமும் இருக்கும், கால் குட்டையானவை மேயச் சேறும் இருக்கும். தை அமாவாசையை மட்டும் தவிருங்கள். கோடியக்கரைக் கடலில் நீராட அன்று ஆயிரக்கணக்கில் மக்கள் வருவார்கள். அது அவர்களுடைய நாள், சாலை முழுக்க வண்டிகளாக இருக்கும். காணும் பொங்கலும் வேண்டாம்.

பறவைகள் இங்கே வரத் தொடங்குவது ஆகஸ்டிலேயே என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளான்கள் முதலில் வரும், வாத்துகள் பின்னால் வரும். அக்டோபரில் காட்டுப் பறவைகளின் ஒரு அலை கடந்து போகும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இறங்கி வரும் ஆறுமணிக்குருவிகள் இந்த முனையில் இளைப்பாறிவிட்டு, பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகும். கடலைத் தாண்டுவதற்கு முன் தமிழ்நாட்டில் அவற்றுக்குக் கிடைக்கும் கடைசிக் காட்டு நிழல்களில் இது ஒன்று. உங்களுக்குக் காட்டுப் பறவைதான் ஆசை என்றால் அக்டோபரில் தனியாக வாருங்கள். தை மாதப் பயணம் நீர்ப்பறவைகளுக்கானது.

சரி, வழி. தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். அதிகாலையில் சாலை காலியாக இருக்கும், ஆனால் பனிமூட்டமும் மாடுகளும் உண்டு. மூன்றரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வேதாரண்யத்தில் டீ குடிக்கலாம். பெட்ரோல், தண்ணீர், மதியத்துக்கான சாப்பாடு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இருப்பவை சின்னக் கடைகள்தான். கார் இல்லாதவர்களுக்கு: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் ரயில் பாதை, அகலப்பாதையாக மாறி 2023 ஏப்ரலில் மறுபடியும் திறந்தது. ரயிலிலோ பேருந்திலோ வருகிறவர்கள் முந்தின இரவு வேதாரண்யத்தில் தங்கிவிடுவது நல்லது.

இனி அன்றைய நாளை எந்த வரிசையில் போடுவது என்பதுதான் முக்கியம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. கடல் கிழக்கே, உப்பளங்களும் சதுப்பும் மேற்கே. காலையில் சாலையோரம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் அலகு நிறம், கால் நிறம், இறக்கைக் கோடு எல்லாம் பளிச்சென்று தெரியும். அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் எல்லாம் கருநிழல். புகைப்படக்காரர்களுக்கு அது பிடிக்கும், பறவையை அடையாளம் காண வந்தவர்களுக்கு உதவாது. ஆகவே விடிந்தது முதல் ஒன்பதரை வரை சதுப்பு, உப்பளம். வெயில் ஏறியதும் காடு. மாலையில் கடற்கரையும் புல்வெளியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நாளின் பாதி வீண்.

அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் முதல் நிறுத்தம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர் இது. ஜனவரியில் உப்பு இன்னும் விளைந்திருக்காது. மழையில் கரைந்த வரப்புகளைத் தொழிலாளர்கள் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அந்த வரப்புகளின் மேல் ஏறி நடக்காதீர்கள், ஈரத்தில் உங்கள் கால் பட்டால் அவர்களுடைய ஒரு நாள் வேலை சரிந்துவிடும். அப்பாவுக்கு இந்த இடம்தான் உகந்தது. காரைச் சாலையோரம் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மனிதர் இறங்கி நடந்தால் நூறு மீட்டரில் பறக்கும் பறவை, நின்றுகொண்டிருக்கும் காரைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் வந்து மேயும். நடக்க முடியாதவருக்காக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு என்று இதை நினைக்க வேண்டாம், எல்லாருமே காரிலிருந்து இறங்காமல் இருப்பதுதான் உத்தமம்.

அங்கே என்ன பார்ப்பது? முதலில் பெரியவை கண்ணில் படும்: செக்கச் சிவந்த நீளக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும் கரண்டிவாயன்கள். இவற்றைப் பெயர் சொல்லிவிடுவது சுலபம். அவற்றின் காலடியில் ஓடும் பழுப்பு நிறப் பொடிப் பறவைகள்தான் எல்லாரையும் குழப்பும், நிறைய பேர் அவற்றை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாதீர்கள். கோடியக்கரையின் உண்மையான செல்வம் அவைதான்.

குளிர்காலத்தில் அவை எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதனால் இறகைப் பார்க்காமல், எப்படி மேய்கிறது என்று பாருங்கள். தலையைத் தூக்கவே தூக்காமல், தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டே விறுவிறுவென நகர்ந்தால் அது கொசு உள்ளான். கறுப்புக் கால், குட்டையான நேரான கறுப்பு அலகு. எடை இருபத்தைந்து கிராம் இருந்தாலே பெரிது. ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறது. அதைவிடச் சற்றுப் பெரியதாக, வயிறு நனைய நின்று, நுனி கீழ்நோக்கி வளைந்த அலகைச் சேற்றுக்குள் முழுவதும் செருகிச் செருகி எடுத்தால் அது கர்லூ சேண்ட்பைப்பர் என்கிற வளைந்த அலகு உள்ளான். பறக்கும்போது முதுகின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும். நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. உள்ளான்கள் அலகால் தடவித் தேடுகின்றன, உப்புக்கொத்திகள் கண்ணால் தேடுகின்றன. அதனால்தான் அந்த நின்று நின்று ஓடும் நடை. உப்புக்கொத்தியின் கண் பெரிதாக இருப்பதும் பைனாகுலரில் தெரியும்.

பவளக்காலியை மகளுக்குக் காட்டுங்கள். கால் சிவப்பு, அலகின் அடிப்பாதி சிவப்பு, பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. யாராவது நெருங்கினால் முதலில் கத்துவது அதுதான். அது கத்தியதும் சுற்றியிருக்கும் எல்லாப் பறவைகளும் தலையைத் தூக்கும். ஒரு பருந்தோ பூனைப்பருந்தோ மேலே போகிறது என்பதைப் பல நேரம் பவளக்காலி சொல்லித்தான் நமக்கே தெரிகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பட்டியல் வேண்டாம். கால் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்: சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள். அரை மணி நேரத்தில் உங்களைவிட வேகமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

இந்தச் சின்னப் பறவைகளைப் பற்றி நான் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் செம்பட்டியலை 2024 அக்டோபரில் திருத்தியபோது, வளைந்த அலகு உள்ளான், அகன்ற அலகு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி மூன்றும் அழியக்கூடியவை என்ற நிலைக்குத் தள்ளப்பட்டன. மூன்றுமே கோடியக்கரைக்கு வருகிறவை. கரண்டி போன்ற அலகு நுனியுள்ள உள்ளான், உலகத்தில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் பறவை, முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே வலைகட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுகிறார்கள். இந்த இடத்தின் அருமையை 1960-களின் தொடக்கத்திலேயே எடுத்துச் சொன்னவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1967-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டதற்கு வெளிமான்தான் முக்கியக் காரணம். அப்போது பரப்பு 17 சதுர கிலோமீட்டர் சொச்சம். 2002-இல் பெருஞ்சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து 38,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம் இது. பட்டியலில் ஏறினாலும் காவிரியின் கிளைகளிலிருந்து நன்னீர் வருவது குறைந்திருக்கிறது, உப்பளங்கள் பரந்திருக்கின்றன. பழைய கூட்டங்களைப் பார்த்தவர்கள் இப்போது வருபவை குறைவு என்றுதான் சொல்கிறார்கள்.

பூநாரைக்கு வருகிறேன். கட்டாயம் தெரியுமா என்றால், யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. நவம்பருக்குப் பிறகு வருகின்றன, நல்ல வருஷத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும், மழை மிகுந்தோ குறைந்தோ போனால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். வந்தாலும் சதுப்பின் உள்ளே, சாலையிலிருந்து வெகு தூரத்தில் வெளிர் ரோஜாக் கோடாகத் தெரிவதுதான் வழக்கம். நெருங்கிப் பார்க்கும் இடங்கள் வனத்துறை அனுமதியோடு, அவர்களுடைய ஆள் உடன்வரப் போகவேண்டியவை. போகும் வாரத்தில் கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிலவரமும் பறவைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதும் அவர்களுக்குத் தெரியும். காரை நீங்களாகவே சதுப்புக்குள் இறக்க வேண்டாம். மேலே காய்ந்த ஏடு மாதிரி இருக்கும், அடியில் சேறு. சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் எடுக்க வேண்டும், அந்தத் தடம் அடுத்த மழை வரை அப்படியே கிடக்கும்.

பூநாரை அகப்பட்டால் அது சாப்பிடுவதைப் பாருங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி தண்ணீரில் வைக்கும். நாக்கு உந்துபம்பாக வேலை செய்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகு ஓரத்துச் சல்லடையில் சின்னஞ்சிறு இறால் வகைகளும் பாசியும் தங்கும். இறகின் ரோஜா நிறம் அந்த உணவிலிருந்து வருவது. சில சமயம் ஒரே இடத்தில் காலால் மிதித்து மிதித்துச் சுற்றிவரும், சேறு கலங்கி இரை மேலே எழும்ப. அலகு ரோஜாவாக, நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் பெரும் பூநாரை. அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக, உருவம் சிறிதாக இருந்தால் சிறு பூநாரை, இங்கே அபூர்வம். சாம்பல் பழுப்பாக நிற்பவை இளையவை.

கூட்டம் பறக்கும் படம் வேண்டும் என்று அவற்றை நோக்கி நடப்பதும், ட்ரோன் விடுவதும், கை தட்டுவதும் கண்டிப்பாகக் கூடாது. மார்ச், ஏப்ரலில் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கவேண்டிய உள்ளான்கள், பிப்ரவரியிலிருந்து உடம்பில் கொழுப்புச் சேர்க்கின்றன. நீங்கள் ஒரு முறை எழுப்பிவிட்டால் மேயும் நேரமும் போகும், சேர்த்த கொழுப்பும் எரியும். ஒரே நாளில் இருபது கார் வந்து இருபது முறை எழுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒன்பதரைக்கு மேல் கானல் தொடங்கியதும் காட்டுக்குள் போங்கள். சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம். இது உலர் பசுமைமாறாக் காடு, பாலை மரங்கள் நிறைந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது ஏராளமான மரங்கள் சாய்ந்தன, வெளிமான்களும் குதிரைகளும்கூட மாண்டன. காடு மீண்டு வருகிறது, சாய்ந்த மரங்களின் அடையாளம் இன்னும் தெரியும். மேட்டில் இருக்கும் ராமர் பாதத்திலிருந்து சுற்றிலும் பார்க்கலாம். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், சாப்பாட்டைக் காருக்குள் வைத்தே சாப்பிடுங்கள். நண்பகலில் ஒரு மணி நேரம் நிழலில் கண்ணயர்ந்தாலும் நஷ்டமில்லை, மூன்றரைக்கே கிளம்பியவர் நீங்கள்.

மூன்று மணிக்கு மேல் கடற்கரை. அக்டோபர் தொடங்கிப் பருவம் முடியும்வரை வெளியூர் மீனவர்களும் இங்கே குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். படகு கரையேறும் இடத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் கூடும். காரட் நிறப் பெரிய அலகோடு ஒன்று பறந்தால் காஸ்பியன் ஆலா. வேறு கடற்கரைகளில் ஓதம் பார்த்துப் பறவை பார்க்கக் கிளம்புவார்கள். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் இங்கே அட்டவணை பார்த்துப் பயனில்லை. காற்றைக் கவனியுங்கள். ஆழமில்லாத நீரைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், நேற்று சேறாக இருந்த ஓரம் இன்று மூழ்கியிருக்கும்.

நாலரைக்குப் புல்வெளி. வெயில் தாழ்ந்ததும் வெளிமான்கள் திறந்த இடத்துக்கு வரும். முறுக்கிய கொம்போடு, முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமாக நிற்பது வளர்ந்த கலை, அதாவது ஆண்மான். பெண்மான்களும் குட்டிகளும் மணல் நிறம். கலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுத் தன் எல்லையைக் குறிக்கும், அந்தக் குவியல்களைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம். இதுவும் காரிலிருந்தே பார்க்கக்கூடியதுதான், அப்பாவுக்குச் சிரமமில்லை.

கருவி பற்றிச் சுருக்கமாக: எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வாயுள்ள பைனாகுலர் ஒன்று போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சதுப்பில் அதன் அருமை தெரியும். தொப்பி, மங்கிய நிற உடை, மூடிய செருப்பு. பறவைக் குரலை போனில் ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம்.

உள்ளானின் காலில் வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று குறித்து, முடிந்தால் படமெடுத்து, தேதியும் இடமும் சேர்த்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கே எப்போது வளையமிடப்பட்டது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி.

ஆறு மணிக்குள் சரணாலயத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வேதாரண்யத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் பத்து மணிக்குள் தஞ்சை. போகிற வழியில் மன்னார்குடிச் சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறதே, அதையும் அன்றே பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது, உங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம்தான். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கென்றே போங்கள்.